ஏவல் வினையும் வழுநீக்கிக் கட்டளைகளும்: கேரள எல்லைத் தமிழ்க் கல்வியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனிதன் கணிப்பொறிக்கு இடும் கட்டளை ஒரு வாக்கியமே. அதற்கு வினை உண்டு; செயப்படுபொருள் உண்டு; இடமும் எண்ணும் உண்டு. ஆயினும் தமிழில் கணிப்பொறி பற்றி எழுந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பது ஆராயப்பட்ட அளவுக்கு, அச்சொற்கள் எம்முறையில் தொடராகின்றன என்பது ஆராயப்படவில்லை. நிரலில் உள்ள பிழைகளைக் கண்டறிய உதவும் வழுநீக்கிக் கருவிகளின் கட்டளைத் தொடரமைப்பு 1960-களிலிருந்து எவ்வாறு மாறிவந்தது என்பதை விளக்கி, அவ்வரலாற்றின் ஒளியில் தமிழ் இலக்கணம் தரக்கூடிய தெளிவினை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதித் தமிழ்க் கல்வி இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

நிரற்பிழையைக் குறிக்கத் தமிழில் ‘வழு’ என்னும் சொல் வழங்குவது கருதத்தக்கது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது இலக்கண நூலார் கொள்கை. ஆங்கிலத்தில் இப்பொருளுக்குப் பூச்சியைக் குறிக்கும் சொல் வழங்க, தமிழ் தன் இலக்கணத்திலிருந்தே சொல்லை எடுத்துக்கொண்டுள்ளது. சொல்லை இலக்கணத்திலிருந்து பெற்ற தமிழ், தொடரமைப்பையும் அங்கிருந்து பெற இயலுமா என்பதே இங்கு எழும் வினா.

எல்லைப் பகுதியும் மும்மொழி ஏவலும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூரும், திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் கேரளத்தின் பகுதிகளாயின. இடுக்கி மாவட்டம் 1972-இல் உருவாயிற்று. கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டுச் சமவெளி ஊர்களிலும், மூணாறு, பீர்மேடு முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்பு கொள்வதற்கு 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் உள்ளது.

கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்ப ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது; 2017-இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டபோது அதனைத் தொடங்கிவைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பின்னர்க் கேரளப் பள்ளிகள் குனூ/லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறின; பைத்தான் நிரல்மொழியும் பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றது. இக்கட்டுரையில் பின்னர் ஆராயப்படும் ஜிடிபி என்னும் வழுநீக்கியை 1986-இல் எழுதியவரும் இதே ஸ்டால்மன் ஆவார்.

எல்லைப் பகுதியின் தமிழ்வழி மாணவர் பாடத்தைத் தமிழில் படித்தாலும் கட்டளையை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். திரையின் பட்டிகள் மலையாளத்தில் இருப்பின் மூன்றாவது ஏவல் முறையையும் அவர் எதிர்கொள்கிறார். கோப்பைத் திறப்பதற்குத் தமிழ் இடைமுகத்தில் ‘திற’ என்றிருக்கும். மலையாள இடைமுகத்தில் ‘துறக்குக’ என்றிருக்கும். மலையாளத்தில் திறத்தலைக் குறிக்கும் அவ்வினை தமிழ்ச் செவிக்குத் துறத்தலை நினைவூட்டும். சேமிப்பதற்கு வழங்கும் ‘சூக்ஷிக்குக’ என்னும் சொல்லே மலையாளச் சாலையோர எச்சரிக்கைப் பலகைகளில் ‘கவனம்’ என்னும் பொருளிலும் வருகிறது. சொல் அறிமுகமானதாக இருப்பதனால் மட்டும் கட்டளை தெளிவு பெறுவதில்லை என்பதற்கு எல்லைப் பகுதி நாள்தோறும் சான்று தருகிறது எனலாம்.

எழுத்துக் கட்டளைகளின் காலம்

வழுநீக்கிகளுள் தொன்மையானவை மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றின. அங்கு டிஎக்ஸ்-0 கணிப்பொறிக்கு ‘ஃபிளிட்’ என்னும் கருவியும், 1961-ஐ ஒட்டிப் பிடிபி-1 கணிப்பொறிக்கு ‘டிடிடி’ என்னும் கருவியும் எழுதப்பட்டன. இரண்டும் பூச்சிக்கொல்லிகளின் பெயர்கள். பிழையைப் பூச்சி எனக் கண்ட மரபின் நகைச்சுவை அது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீவ் போர்ன் எழுதிய ‘ஏடிபி’ என்னும் வழுநீக்கி இடம்பெற்றது.

இக்காலக் கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்தாலும் குறியாலும் அமைந்தவை. அக்காலத்தில் பரவலாக வழங்கிய தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்கு 10 எழுத்துகளையே அச்சிட்டது. ஆதலின் சுருக்கம் தேவையாயிற்று. ஆனால் சுருக்கம் மயக்கத்தையும் உடன் கொணர்ந்தது. ஏடிபியில் டாலர் குறியை அடுத்து ‘சி’ எழுத்தை இட்டால் அழைப்புகளின் அடுக்கு காட்டப்படும். முக்காற்புள்ளியை அடுத்து அதே எழுத்தை இட்டால் நின்ற நிரல் மீண்டும் ஓடத் தொடங்கும். ஒன்று காணும் செயல். மற்றொன்று மீட்க இயலாத செயல். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு குறியளவே.

எனினும் ஏடிபியின் தொடர்முறை தமிழ் ஆய்வாளர் கருதத்தக்கது. அதில் முகவரி முன்னும் கட்டளை பின்னுமாக வரும். ஒரு செயற்கூற்றில் நிறுத்துமிடம் அமைக்க, முதலில் செயற்கூற்றின் பெயரையும் பின்னர் முக்காற்புள்ளியையும் ‘பி’ எழுத்தையும் இட வேண்டும். இடம் முன், வினை பின் என்னும் இம்முறை தமிழ்த் தொடரின் இயல்பான முறையேயாகும்.

வினை முன்வந்த காலம்

1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் மார்க் லின்டன் உருவாக்கிய ‘டிபிஎக்ஸ்’ கருவி, எழுத்துகளை விடுத்துச் சொற்களைக் கட்டளைகளாக்கியது. ‘ஸ்டாப் அட்’ என்பதன் பின் வரி எண்ணும், ‘ஸ்டாப் இன்’ என்பதன் பின் செயற்கூற்றின் பெயரும் வரும். இங்கு ‘அட்’, ‘இன்’ என்னும் முன்னிடைச் சொற்கள் ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளை உணர்த்துகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. டிபிஎக்ஸை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த ஜிடிபி, ‘ஸ்டாப்’ என்பதற்கு மாற்றாகப் ‘பிரேக்’ என்னும் ஒரே சொல்லை வைத்து, முன்னிடைச் சொற்களைக் கைவிட்டது. தொடர் குறுகியது, ஆனால் பொருளுறவைக் காட்டும் உறுப்பு மறைந்தது. தமிழ் இலக்கண வழக்கில் கூறுவதாயின், விரியாக இருந்தது தொகையாயிற்று.

தொகையில் மயக்கம் தோன்றுவது இயல்பு. ஜிடிபியில் ‘டெலீட் 2’ என்றால் இரண்டாம் எண்ணுடைய நிறுத்துமிடம் நீக்கப்படும். ‘கிளியர் 2’ என்றால் இரண்டாம் வரியில் உள்ள நிறுத்துமிடம் நீக்கப்படும். நீக்கும் செயல் ஒன்றே, எண்ணும் ஒன்றே. எண் எதனைக் குறிக்கிறது என்பது மட்டுமே வேறு. அவ்வேறுபாட்டை எண்ணை ஒட்டிய உறுப்பு எதுவும் காட்டாமையால், ஒருபொருட் பன்மொழியாகத் தோன்றும் இரு வினைகளின் மேல் அது ஏற்றப்பட்டுள்ளது. அவ்வாறே ‘ஃபினிஷ்’ என்பது நடப்புச் செயற்கூற்றை இறுதிவரை ஓடவிட்டு நிறுத்தும்; ‘ரிட்டர்ன்’ என்பது எஞ்சிய வரிகளை ஓடவிடாமலே அதைவிட்டு மீளச் செய்யும். ‘ஸ்டெப்’ அழைக்கப்படும் செயற்கூற்றின் உள்ளே செல்லும். ‘நெக்ஸ்ட்’ அதனை முழுதும் ஓடவிட்டு அடுத்த வரியில் நிற்கும். இவ்வேறுபாடுகளைச் சொற்பொருளிலிருந்து உய்த்துணர இயலாது. மனனம் செய்தே அறிய வேண்டும்.

ஜிடிபி கட்டளைகளை, மயக்கம் தராத அளவுக்குச் சுருக்கி எழுதலாம் என்பது விதி. ஆயினும் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் கட்டளைகள் பல இருந்தும், அவ்வெழுத்துத் தனித்து வரின் ‘ஸ்டெப்’ என்றே கொள்ளப்படுகிறது. அடிக்கடி பயன்படுவது பற்றி அமைத்துக்கொள்ளப்பட்ட இதனை வழுவமைதி எனக் கூறுதல் பொருந்தும்.

பைத்தான் மொழியுடன் வரும் ‘பிடிபி’ என்னும் வழுநீக்கியில் மற்றொரு மயக்கம் உண்டு. அது தனக்குத் தெரிந்த கட்டளைகளை ஏற்றுக்கொண்டு, ஏனையவற்றை நிரல்வரிகளாகக் கருதி இயக்கும். மாணவர் ஒருவர் தம் நிரலில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தை ஒரு மாறியின் பெயராகக் கொண்டிருப்பின், அதன் மதிப்பைக் காணும் எண்ணத்துடன் அவ்வெழுத்தை மட்டும் இடுவார். கருவியோ அதனை ‘நெக்ஸ்ட்’ என்பதன் சுருக்கமாகக் கொண்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடும். மாறியின் பெயர் ‘சி’ ஆயின் நிரல் அடுத்த நிறுத்துமிடம் வரையோ, அஃதில்லையேல் முடிவு வரையோ ஓடிவிடும். வியப்புக்குறியை முன்னிட்டால் அது நிரல்வரி எனக் கொள்ளப்படும் என்னும் விதி இம்மயக்கத்தை நீக்குவதற்கே ஏற்பட்டது. பிழை காணும் கருவியே பிழைக்குக் காரணமாகும் இந்நிலை, புதிதாகக் கற்போர்க்குப் பெரும் இடராகும்.

பெயர் முன்வந்த காலம்

2010-இல் வெளியிடப்பட்ட ‘எல்எல்டிபி’ என்னும் வழுநீக்கி, கட்டளைத் தொடரை ஒழுங்குபடுத்த முயன்றது. பெயர், வினை, விருப்பக் குறிகள், பொருள் என்னும் வரிசையை அது பொதுவிதியாகக் கொண்டது. நிறுத்துமிடம் என்னும் பெயர் முதலில் வரும். அமை, நீக்கு முதலிய வினை அடுத்து வரும். கோப்பு, வரி ஆகியவை இரு சிறுகோடுகளோடு கூடிய அடையாளச் சொற்களால் குறிக்கப்படும். ஸ்டெப், நெக்ஸ்ட், ஃபினிஷ் ஆகிய மூன்றுக்கும் நேராக உள்நடை, மேல்நடை, வெளிநடை என்னும் பொருள்படும் கட்டளைகள் அமைந்தன. எந்தத் திசையில் நடப்பது என்பது சொல்லிலேயே விளங்கிற்று.

இவ்வமைப்பில் இரு சிறுகோட்டுச் சொற்கள் வேற்றுமை உருபுகளின் தொழிலையே செய்கின்றன. டிபிஎக்ஸில் இருந்து ஜிடிபியில் மறைந்த உறவுறுப்பு, எல்எல்டிபியில் வேறு வடிவில் மீண்டது எனலாம். இதற்குரிய விலை நீளம். பழகியோர் ஓரெழுத்துச் சுருக்கங்களை விட மனமின்றி இருந்தமையால், எல்எல்டிபியும் அவற்றை மாற்றுப்பெயர்களாக ஏற்றுக்கொண்டது. கற்போர்க்கு விரியும், கற்றோர்க்குத் தொகையும் ஒரே கருவியில் இடம்பெறலாம் என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

எழில் காட்டிய வழி

தமிழில் நிரல் எழுதுவதற்கென முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பற்றிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. அம்மொழியில் நிபந்தனை அடைப்புக்குறிக்குள் முன்னே வர, ‘ஆனால்’ என்னும் சொல் அதன் பின்னே வருகிறது. மடக்கிற்குரிய ‘வரை’ என்பதும் அவ்வாறே நிபந்தனையைத் தொடர்ந்து வருகிறது. ஆங்கிலச் சொற்களை அவ்விடத்திலேயே மொழிபெயர்த்து வைக்காமல், தொடரின் வரிசையையே மாற்றியமைத்தது எழிலின் சிறப்பாகும். எனினும் வெளியீட்டுக்குரிய ‘பதிப்பி’ என்னும் வினை, அச்சிட வேண்டிய பொருளுக்கு முன்னரே வருகிறது. ஆகவே எழில் இருவகை மரபையும் கலந்த அமைப்புடையது.

எழிலில் மடக்கைவிட்டு நீங்குவதற்கு ‘நிறுத்து’ என்பதும், அடுத்த சுற்றுக்குச் செல்வதற்குத் ‘தொடர்’ என்பதும் வழங்குகின்றன. வழுநீக்கிக்கும் இவ்விரு சொற்களே முதலில் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் ‘பிரேக்’, ‘கன்டினியூ’ ஆகியவை நிரல்மொழியிலும் வழுநீக்கியிலும் வெவ்வேறு பொருளில் வருவதனால் உண்டான மயக்கம், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழிலும் அப்படியே வந்துசேரும்.

தமிழ் இலக்கணம் தரும் தெளிவு

இம்மயக்கங்களை நீக்குவதற்குரிய உறுப்புகள் மூன்று தமிழில் உள்ளன.

முதலாவது, ஏவலுக்கும் வியங்கோளுக்கும் உள்ள வடிவ வேறுபாடு. முன்னிலை ஒருமை ஏவல், விகுதி பெறாத வினைப்பகுதியேயாகும். வினைப்பகாப்பதங்களின் ஈறுகளை 23 எனத் தொகுத்த நன்னூலார், அவற்றை ஏவல் வடிவிலேயே காட்டினார். ஆகவே மிகக் குறுகிய வினைவடிவமே தமிழில் கட்டளை வடிவமாகவும் அமைந்துள்ளது. வியங்கோளோ தன்மை, முன்னிலைகளில் நிலைபெறாது எனத் தொல்காப்பியம் கூற, நன்னூல் அதனை எல்லா இடத்துக்கும் உரியதாக்கியது. மலையாளத்தின் ‘துறக்குக’ போன்ற வடிவங்கள் இத்தகைய வியங்கோளை ஒத்த தோற்றமுடையன. கட்டளை வரியில் இருதிசை உரையாடல் நிகழ்கிறது. மனிதர் கருவிக்கு இடுவது கட்டளை. கருவி மனிதருக்குச் சொல்வது வேண்டுகோள் அல்லது வினா. முன்னதற்கு ‘நீக்கு’ என்னும் ஏவலும், பின்னதற்கு ‘உறுதி செய்க’, ‘நீக்கலாமா?’ என்னும் வடிவங்களும் வரையறுக்கப்படின், பேசுபவர் யார் என்பது வினைவடிவத்தாலேயே விளங்கும்.

இரண்டாவது, தன்வினை பிறவினை வேறுபாடு. வழுநீக்கத்தில் மனிதர், கருவி, ஆராயப்படும் நிரல் என மூவர் உளர். மனிதர் கருவியை ஏவ, கருவி நிரலை இயக்குகிறது. ஆங்கிலத்தில் ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும் ‘ரன்’ என்னும் ஒரே வடிவம் வழங்குகிறது. தமிழில் ஓடு, ஓட்டு எனவும், நில், நிறுத்து எனவும், திரும்பு, திருப்பு எனவும் வடிவம் வேறுபடும். கருவிக்கு இடும் கட்டளைகள் இயன்றவரை பிறவினையாகவே அமைதல் வேண்டும். ‘நிரல் நின்றது’ என்பது கருவியின் அறிவிப்பாகவும், ‘நிறுத்து’ என்பது மனிதரின் கட்டளையாகவும் பிரிந்து நிற்கும்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. ‘டெலீட் 2’, ‘கிளியர் 2’ என்னும் இரு கட்டளைகளையும் தமிழில் ஒரே வினையால் தெளிவாகச் சொல்லலாம். ‘2-ஐ நீக்கு’ என்பதில் இரண்டாம் வேற்றுமை, எண் 2 உடைய நிறுத்துமிடத்தைச் செயப்படுபொருளாக்குகிறது. ‘வரி 2-இல் நீக்கு’ என்பதில் உருபு இடப்பொருளை உணர்த்துகிறது. இல் உருபு ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உரியதாகலின் மயக்கம் நேராதோ எனின், நேராது. நீங்கல் எனக் கொள்ளினும் இடம் எனக் கொள்ளினும் நீக்கப்படுவது அவ்வரியில் உள்ள நிறுத்துமிடமே. ‘வரி 12-இல் நிறுத்து’ என்பது எழிலின் தனித்த ‘நிறுத்து’ என்பதிலிருந்தும் உருபாலேயே வேறுபடும். உருபு தொக்கு வரும் ‘2 நீக்கு’ என்பதனைக் கருவி ஏற்காது வினவுதல் வேண்டும். பேச்சில் தொகை அழகு. கட்டளையில் விரியே காவல்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. வினை இறுதியில் வருவதனால், கருவி தொடர் முடியும் முன் வினையை ஊகித்து எஞ்சியதை நிரப்பித் தர இயலாது. ஆயினும் உருபு வந்தவுடன் அவ்வுருபுக்குப் பொருந்தும் வினைகளை மட்டும் காட்டுதல் இயலும்.

எழுத்து நிலையில் ஒரு சிக்கல்

கட்டளைச் சுருக்கம் தமிழில் எழுத்தை அலகாகக் கொள்ள வேண்டும். ஒருங்குறியில் ‘நி’ என்பது மெய்யேறிய அகரமும் உயிர்க்குறியும் ஆகிய இரு குறியீடுகளால் ஆனது. குறியீட்டளவில் சுருக்கினால் ‘நீக்கு’, ‘நிறுத்து’ இரண்டும் ‘ந’ என்றே தொடங்கும். எழுத்தளவில் சுருக்கினால் ‘நீ’, ‘நி’ எனப் பிரியும். மேலும் ‘தொடர்’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுத இயலும். திரையில் ஒன்றாகத் தோன்றும் இவற்றைக் கருவி வேறெனக் கொண்டால், சரியாகத் தட்டச்சு செய்த மாணவர் தாம் தவறியதாக எண்ணுவார். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3, பிறமொழி எழுத்துகளில் மாறிகளுக்குப் பெயரிட இடமளித்தபோது அப்பெயர்களைச் சீராக்கியே ஒப்பிடும் விதியையும் வகுத்தது. தமிழ்க் கட்டளைக் கருவிக்கும் இவ்விதி இன்றியமையாதது.

முடிவுரை

வழுநீக்கிகளின் கட்டளைத் தொடரமைப்பு எழுத்திலிருந்து வினைக்கும், வினையிலிருந்து பெயருக்கும் நகர்ந்துள்ளது. ஒவ்வொரு நகர்விலும், சொற்களுக்கிடையே உள்ள உறவைக் காட்டும் உறுப்பு மறைந்தபோது மயக்கம் பெருகியது. அவ்வுறுப்பு மீண்டபோது தெளிவு பிறந்தது. அவ்வுறுப்பினைத் தமிழ் வேற்றுமை உருபாகவும், பிறவினை வடிவாகவும், ஏவல் வியங்கோள் வேறுபாடாகவும் தன்னுள் கொண்டுள்ளது. ஆதலின் தமிழ்க் கட்டளையாக்கம் கலைச்சொற் பட்டியலிலிருந்தன்றித் தொடரிலக்கணத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர் நாளை ஆங்கிலக் கட்டளைகளையே தொழிலில் கையாள நேரும் என்பது உண்மை. ஆயின், ‘டெலீட் 2’ என்பதனுள் மறைந்திருப்பது ஐ உருபா, இல் உருபா என வினவக் கற்ற மாணவர், அக்கட்டளையையும் பொருளறிந்தே இடுவார். இலக்கண வகுப்பில் வேற்றுமை கற்பிக்கும் தமிழாசிரியரும், அடுத்த அறையில் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளையே கற்பிக்கின்றனர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.